தகரக்கூரையின் ஐந்தாவது ஆல்பம்

மார்ச் 4

லிஃப்ட் மெக்கானிக் அவர்களுக்கு,

இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. முதலில் ‘மச்சான்’ என்று எழுதினேன், அடித்துவிட்டேன். பிறகு உன் பெயரை எழுதினேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருந்தது. அதையும் அடித்தேன்.

விஷயம் இதுதான். நேற்று எனக்கு ஒரு பார்சல் வந்தது. சதுரமான அட்டைப்பெட்டி, நான்கு மூலையிலும் டேப். அனுப்பியவர்கள் தகரக்கூரை இசைக்குழு ரசிகர் மன்றம். பெறுநர் இடத்தில் என் பெயர், அதற்குக் கீழே உன் பெயர். பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து ஒரே உறுப்பினராகப் பதிந்துகொண்டோம். அவர்களுடைய பட்டியலில் அது இன்னும் அப்படியே இருக்கிறது. நம் வீட்டுச் செய்தி அவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஒன்பது வருடம் கழித்து அந்த நாலு பேரும் போட்டிருக்கும் ‘பகல் ரயில்’. கடைக்கு வர இன்னும் மூன்று வாரம் ஆகும். ஓர் உறுப்பினருக்கு ஒரு ரெக்கார்டு.

நான் பிரிக்கவில்லை. பாதி மட்டும் என்னுடையதாக இருப்பதைப் பிரிக்க எனக்கு உரிமை இல்லை. வேண்டுமா வேண்டாமா என்று ஒரு வரி எழுது. வேண்டும் என்றால் அப்படியே அனுப்பிவிடுகிறேன். உன் போன் எண்ணை அழித்து ஆறு வருடம் ஆகிறது. என் மகளிடம் கேட்டால் கொடுப்பாள். ஆனால் போனில் பேசினால் பேச வேண்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசிவிடுவேன். அதனால்தான் கடிதம்.

இப்படிக்கு,
பல் செட் செய்கிறவன்

மார்ச் 9

மாப்பிள்ளை,

நீ அடித்தால் அடித்துக்கொள். நான் அடிக்க மாட்டேன். என் தங்கச்சியை நீ கட்டுவதற்கு முன்னாலேயே, விடுதியில் ஒரே அறையில் படுத்துக் கிடந்த காலத்திலேயே உன்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டேன். அவள் உன்னை விட்டு வந்ததும் அந்தச் சொல் செல்லாமல் போக அது என்ன பஸ் பாஸா?

உன் கடிதத்தை நான் எங்கே படித்தேன் தெரியுமா? ஒரு துணிக்கடையில், நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில், லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்துகொண்டு. உள்ளே ஓர் அம்மாள் மாட்டிக்கொண்டிருந்தார். கதவு ஏறுமாறாக நின்றுவிட்டது, வேறு ஒன்றும் இல்லை. “தம்பி, இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கீழேயிருந்து கேட்டார். “ஒரு பக்கம்தாம்மா பாக்கி” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். மேலே உட்கார்ந்து நான் கடிதம் படிக்கிறேன் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்? பாவம்.

ரெக்கார்டு எனக்கு வேண்டாம். நீயே பிரி, நீயே கேள். என் வீட்டில் பிளேயர் இருக்கிறது, ஊசியும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைத் தனியாகப் போட்டுக் கேட்க எனக்கு மனசு வராது. நான்தான் விட்டுக்கொடுக்க வேண்டியவன். அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மற்றதை எல்லாம் விடு. பழசைக் கிளறி என்ன ஆகப்போகிறது? உன் மகள், நம் பாப்பா, நன்றாகப் படிக்கிறாள். பதினைந்து வயசாகியும் நாம் பாப்பா என்று கூப்பிடுவதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

உன்
மச்சான் (நான் அடிக்கவில்லை)

மார்ச் 14

பழசைக் கிளற வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். ஆறிப்போனதைத்தான் கிளற வேண்டியிருக்கும். இது ஆறவே இல்லை.

உனக்கு மறந்திருக்கலாம். எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை. திறந்தவெளி மைதானத்தில் மதியம் ஒரு மணிக்குத் தகரக்கூரையின் கச்சேரி. நீ வண்டியை எடுத்துக்கொண்டு வந்தாய். பாப்பா தோழி வீட்டுக்கு விளையாடப் போயிருக்கிறாள் என்று என்னிடம் சொல்லப்பட்டது. நாம் போனோம். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றோம். அந்தப் பாடகர் நம் பக்கம் கையை நீட்டியதும் நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். ஆறு மணிக்கு என்னை வாசலில் இறக்கிவிட்டு, “வரேன் மாப்பிள்ளை” என்று சொல்லிவிட்டுப் போனாய்.

மேலே போனேன். பீரோவில் என் சட்டைகள் மட்டும் தொங்கின. பாப்பாவின் கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சாப்பாட்டு மேசையில் உன் தங்கச்சியின் கையெழுத்தில் நாலு வரி. சாமான் ஏற்றிய வண்டியைப் பிடித்துக் கொடுத்தவன் நீ என்று இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

நீ என்னைக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. வீட்டைவிட்டு அப்புறப்படுத்தினாய்.

அவள் போனதைப் பற்றி நான் கேட்கவில்லை. அது எனக்கும் அவளுக்கும் உள்ளது. உன்னிடம் கேட்பது ஒன்றுதான். எல்லாம் தெரிந்துகொண்டே என் பக்கத்தில் நின்று உன்னால் எப்படிப் பாட முடிந்தது?

பார்சல் பரணில் இருக்கிறது. பிரிக்கவில்லை.

மார்ச் 21

மாப்பிள்ளை,

நீ கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். தமாஷ் பண்ணாமல் எழுத வேண்டும் என்று மூன்று தாளைக் கிழித்தாகிவிட்டது.

டிக்கெட் வாங்கியது முதலில். நாம் வாங்கி இரண்டு மாதம் ஆன பிறகுதான் தங்கச்சி என் வீட்டுக்கு வந்தாள். “அண்ணா, அவர் கச்சேரிக்குப் போற அன்னைக்கே நான் கிளம்பிடறேன்” என்றாள். “அவன் இருக்கும்போதே சொல்லிட்டுப் போயேன், அவன் என்ன அடிக்கவா போறான்?” என்று நான் கேட்டேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “அடிக்க மாட்டார். திட்டக்கூட மாட்டார். ஹெட்போனை மாட்டிக்கிட்டு சுவத்துப் பக்கம் திரும்பிக்குவார். நாலு வருஷமா அந்த முதுகைத்தான் பார்த்திட்டிருக்கேன். இன்னொரு தடவை பார்க்க என்னால முடியாது.”

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினாள். ஒரு பக்கம் கூடப் பிறந்தவள், ஒரு பக்கம் நீ. இருதலைக்கொள்ளி எறும்பு என்று சின்ன வகுப்பில் படித்தோம். அது எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

நடுவில் இடைவேளை விட்டார்களே, நினைவிருக்கிறதா? நீ போய் வரிசையில் நின்று தண்ணீர் வாங்கி வந்தாய். உன் பாட்டிலை நீ திறக்கக்கூட இல்லை, எனக்குத்தான் முதலில் நீட்டினாய். “மச்சான், இதுங்க அடுத்த ஆல்பம் போட்டா, ஊர்ல முதல் ஆளா நாமதான் கேக்கணும்” என்றாய். அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேடையில் டிரம்ஸ் ஆரம்பித்துவிட்டது. டிரம்ஸ்மேல் பழி போடவில்லை. அது ஓய்ந்த பிறகும் நான் சொல்லவில்லை.

நீ நினைக்கிற மாதிரி நான் பாடவில்லை, மாப்பிள்ளை. வாயை மட்டும்தான் அசைத்தேன்.

தங்கச்சிக்கு வண்டி பிடித்துக் கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் பிடித்துக் கொடுப்பேன். ஆனால் உனக்கு விஷயம் தெரிந்த பிறகு, ஒரு நாளாவது உன் எதிரில் வந்து நின்று நீ கொடுப்பதை வாங்கிக்கொண்டு போயிருக்க வேண்டும். எனக்குத் தைரியம் இல்லை. வேலை, வேலை என்று சொல்லி ஆறு வருடத்தை ஓட்டிவிட்டேன். அதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன்.

மச்சான்

ஏப்ரல் 17

மச்சான்,

(இந்தத் தடவை அடிக்கவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.)

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அதற்குப் பதில் இப்போது எழுத வரவில்லை. பதிலுக்குப் பதிலாக ரெக்கார்டை அனுப்புகிறேன். இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டியிருக்கிறேன். பிளேடு போடாமல் பிரி.

ஆம், பிரித்துவிட்டேன். நானாகப் பிரிக்கவில்லை. லீவுக்குப் பாப்பா வந்திருந்தாள். பரணில் அவளுடைய பழைய டென்னிஸ் மட்டையைத் தேடினாள். “அப்பா, இது மாமா பேரும் உங்க பேரும் போட்டு வந்திருக்கு. ஏன் இங்க வெச்சிருக்கீங்க?” என்று கேட்டாள். பதில் சொல்ல யோசித்தேன். அதற்குள் டேப்பைக் கிழித்துவிட்டாள்.

பட்டறை அறையிலேயே ஸ்பீக்கரில் போட்டோம். மேசைமேல் மூன்று பேருடைய பல் அச்சு காய்ந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் மாவுப் பல் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்பது போல இருந்தது. முதல் பாட்டு முடிந்ததும் பாப்பா, “இவங்களுக்கு எல்லாம் உங்க வயசு இருக்குமா?” என்றாள். “கூடவே இருக்கும்.” “அப்ப நல்லாத்தான் வாசிக்கிறாங்க.” உன் மருமகளின் விமர்சனம் இவ்வளவுதான்.

என்னுடையதைக் கேள். முதல் பாட்டு நீளம். டிரம்ஸ்காரர் ரயிலைப் பிடிக்க ஓடுகிறார், மற்றவர்கள் பின்னால் மூச்சு வாங்குகிறார்கள். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது, பழைய ‘ஆணி’ பாட்டையே கழுவித் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். நாலாவதில் கிதார் ஒரு நிமிடம் தனியாக வரும் இடம் மட்டும் தங்கம். இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவதைக் கேட்காமல் தாண்டினாலும் நஷ்டமில்லை. ஆறாவது நன்றாக இருக்கிறது. ஏழாவதில் வயலின் எதற்கு? பாடகரின் குரல் தேய்ந்துவிட்டது. மேலே போக வேண்டிய இடத்தில் எல்லாம் கீழேயே நின்றுவிடுகிறார். ஒன்பது வருடம் காத்திருந்ததற்கு இதுவா என்று இருந்தது.

நீ கேட்டுவிட்டு உள்ளதை எழுது. எனக்காகப் பூசி மெழுகாதே.

ஏப்ரல் 26

மாப்பிள்ளை,

ரெக்கார்டு பத்திரமாக வந்தது. எட்டுத் தடவை கேட்டாகிவிட்டது.

உனக்குக் காதில் பல்மாவு ஏதாவது அடைத்துக்கொண்டிருக்கிறதா? அந்தக் குரல் தேய்ந்துவிட்டது என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? இருபது வருடமாக அந்த ஆள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. மேலே போக முடியாததால் கீழே நிற்கவில்லை மாப்பிள்ளை, கீழே சொல்ல விஷயம் இருப்பதால் நிற்கிறார். என் தொழிலில் சொல்கிறேன், எல்லா லிஃப்டும் மொட்டை மாடிக்கே போக வேண்டும் என்று இல்லை.

மூன்றாவது பாட்டு ‘ஆணி’ மாதிரி இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். வயலின் எனக்கும் பிடிக்கவில்லை. ஐந்தாவதைத் தாண்டச் சொன்னதை மட்டும் மன்னிக்க முடியாது. அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று. மொத்தம் எட்டுப் பாட்டு. நீ ஏழுக்குத்தான் தீர்ப்பு எழுதியிருக்கிறாய். கடைசிப் பாட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஒருவன் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியே போகிறான், அவ்வளவுதான், ஆறு நிமிடம். ஆனால் மொத்த ஆல்பத்திலும் அதுதான் பாட்டு. அதை நீ கேட்காமல் விட்டிருக்க மாட்டாய். ஒரு சுரம் பிசகினால் ஒரு வாரம் பேசுகிற ஆள் நீ. ஏன் எழுதவில்லை?

மச்சான்

மே 5

மச்சான்,

பிடித்துவிட்டாய். எழுதாமல் விட்டதைப் படிக்க உன்னால்தான் முடியும்.

அந்தப் பாட்டு ஓடும்போது பாப்பா பக்கத்தில் இருந்தாள். வேலை இருப்பது போலத் தேய்க்கும் மோட்டாரைப் போட்டுவிட்டேன். அவள் ஊருக்குப் போன பிறகு தனியாகக் கேட்டேன். அதற்கப்புறம் பத்து நாள், செய்த வேலை எதுவும் சரியாக வரவில்லை. ஒரு பெரியவரின் மேல்வரிசைப் பல்லை இரண்டு தடவை திரும்பச் செய்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ கீழே வந்து ஹாரன் அடித்தாய். டிக்கெட்டை எடுக்கப் படுக்கையறைக்குள் போனேன். கதவை முழுசாகத் தள்ளியபோது எதிலோ இடித்தது. பின்னால் எட்டிப் பார்த்தேன். மூன்று அட்டைப்பெட்டிகள். மேலே இருந்த பெட்டியை இன்னும் மூடவில்லை. பாப்பாவின் பாடப் புத்தகங்கள் கயிறு கட்டி அடுக்கியிருந்தன. அவற்றின் மேல் அவளுடைய மழைக்கோட்டு மடித்து வைத்திருந்தது. அப்போது மழைக்காலம் இல்லை. மழைக்காலம் வர நாலு மாதம் இருந்தது.

உன் தங்கச்சி பழைய புத்தகங்களை யாருக்காவது கொடுக்கப் போகிறாள் என்று நான் நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கவில்லை. பார்த்த அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது.

அவள் சமையலறையில்தான் இருந்தாள். பத்தடி தூரம். போய் “இது என்ன?” என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவள் சொன்னதற்கு நான் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். நீ மறுபடியும் ஹாரன் அடித்தாய். அது எனக்கு எவ்வளவு பெரிய உதவியாக இருந்தது தெரியுமா? டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, ‘போயிட்டு வரேன்’ என்றுகூட அவளிடம் சொல்லாமல் இறங்கி வந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது வீடு காலியாக இருக்கும் என்று தெரிந்துகொண்டுதான் நான் அங்கே நின்றேன். நீ வாயை மட்டும் அசைத்தாய். நான் தொண்டை கட்டும்வரை பாடினேன்.

பிறகு நீ வண்டி பிடித்துக் கொடுத்தது தெரியவந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். உன்மேல் கோபமாக இருக்கிறவரை என்னை நான் பார்க்க வேண்டியதில்லை. ஊரில் எல்லோரிடமும் சொன்னேன், நம்பிக்கெட்டேன் என்று. ஆறு வருடத்தில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மே 11

மாப்பிள்ளை,

படித்ததும் கோபம்தான் வந்தது. மறைக்க மாட்டேன். கடிதத்தை மடித்து டூல்ஸ் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

ஆறு வருடம். பாப்பாவின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நான் காலையிலேயே போய் கேக்கைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், ஏனென்றால் சாயங்காலம் நீ வருவாய். “மாமா, நீங்க ரெண்டு பேரும் ஷிஃப்ட் போட்டுக்கிட்டா வர்றீங்க?” என்று அவள் கேட்டிருக்கிறாள். என் அப்பா போனபோது நீ வந்து கடைசி வரிசையில் நின்றுவிட்டு, நான் திரும்புவதற்குள் போய்விட்டாய். அன்றைக்கு உன்னைத் தேடினேன். எனக்கு அண்ணன் தம்பி யாரும் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் கோபம் கொஞ்சம் இறங்கியது. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். இப்போது எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். இது எனக்கு எழுத வேண்டிய கடிதம் இல்லை, மாப்பிள்ளை. முகவரி மாறி என்னிடம் வந்திருக்கிறது. நான் தங்கச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவளுக்காக ஒரு தடவை வாயை மூடிக்கொண்டேன், உனக்காக ஒரு தடவை மூடிக்கொள்கிறேன். மூன்றாவது தடவை என்னால் ஆகாது.

நீ போய் அவளிடம் சொல். கடிதமாக எழுதாதே. போய்ச் சொல்.

மச்சான்

மே 24

மச்சான்,

போனேன். நேற்று மதியம், அவள் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கு. வீட்டுக்குப் போனால் பாப்பா இருப்பாள். கடையில் கூட்டம் இல்லை. பின்னால் கண் சோதிக்கும் சின்ன அறையில் லென்ஸ்களைத் துடைத்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்ன, எழுத்து தெரியலையா?” என்றாள்.

“ஒரு விஷயம் சொல்லணும்.”

“பாப்பாவுக்கு ஏதாவதா?”

“இல்ல. நம்ம விஷயம்.”

அங்கே உட்கார ஒரே நாற்காலிதான், சோதிக்க வருகிறவர்களுக்கானது. அதில் உட்கார்ந்தேன். எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, மேலே பெரிசாக, கீழே வரவரச் சிறிசாக. பாதி வரை அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன். ஹாரன், கதவு, மூன்று பெட்டி, மழைக்கோட்டு. உன்னிடம் எழுதியதைவிட மோசமாகத்தான் வந்தது. நடுவில் இரண்டு தடவை நின்றுவிட்டேன். அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. நானாக முடிக்கும்வரை விட்டாள்.

“தெரியும்” என்றாள்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது.

“நீங்க பார்த்துட்டீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். டிக்கெட்டை எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? நீங்க உள்ள போயி ரொம்ப நேரமாச்சு. நான் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். குழாயை மூடிட்டேன்.”

“எதுக்கு?”

“நீங்க ஏதாவது சொன்னா என் காதுல விழணுமே.”

கையில் வைத்திருந்த லென்ஸை அதன் பள்ளத்தில் வைத்தாள். அடுத்ததை எடுக்கவில்லை.

“நீங்க செருப்பு மாட்டற சத்தம் கேட்டுச்சு. வண்டி கிளம்பற சத்தம் கேட்டுச்சு. அப்புறமும் கொஞ்ச நேரம் குழாயைத் திறக்கல.”

“நான் கேட்டிருந்தா இருந்திருப்பியா?”

“அப்படின்னு பொய் சொல்ல மாட்டேன். போயிருப்பேன்னுதான் நினைக்கிறேன். ஆனா உங்ககிட்ட சண்டை போட்டுட்டுப் போயிருப்பேன். ரெண்டு பேரும் ஒரு தடவை நல்லா அழுதிருப்போம். அண்ணனை நடுவுல நிக்கவெச்சு அவன் தலைல எல்லாத்தையும் கட்டியிருக்க மாட்டோம். நானும்தான் அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். தப்பு உங்க மேல மட்டும் இல்ல.”

இந்தத் தடவை நான் சுவர்ப் பக்கம் திரும்பவில்லை, மச்சான். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நரை விழுந்திருக்கிறது. எனக்கும்தான்.

முன்னால் யாரோ கண்ணாடி வாங்க வந்தார்கள். அவள் எழுந்தாள். “இவ்வளவு நாள் கழிச்சாவது சொன்னீங்களே. அதனால எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்லல. ஆனா நல்லது” என்றாள்.

வெளியே வந்து தெருமுனை வரை நடந்துவிட்டேன். பிறகு திரும்பி வந்தேன். வந்தவருக்கு அவள் கண்ணாடிச் சட்டம் மாட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று, “போயிட்டு வரேன்” என்றேன். அந்த ஆள் யாரோ என்னவோ என்று திரும்பிப் பார்த்தார்.

“சரி, போயிட்டு வாங்க” என்றாள்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள்தான் வேலை. மதியம் உன் வீட்டுக்கு வருகிறேன். எங்கேயும் போய்விடாதே.

உன்
மாப்பிள்ளை